முதல் வெளிநாட்டுப் பயணம்: பாஸ்போர்ட்டில் தொடங்கி கோலாலம்பூர் வரை, வரிசைப்படி

முதல் முறை வெளிநாடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஓர் ஆஃபர் கண்ணில் படும். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ‘போடு போடு’ என்பார்கள். பணம் கட்டியாகிவிடும். அதற்கப்புறம்தான் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது, எதுவரை செல்லும், அந்த நாட்டில் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்து முதல் பயணத்துச் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தத் தலைகீழ் வரிசையால் வருபவைதான்.

இங்கே சொல்லியிருப்பது தமிழ்நாட்டிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டில், சுற்றிப் பார்ப்பதற்காக மலேசியா போகிற ஒருவருக்கு. முதல் பயணம் எங்கே போகலாம் என்று கேட்கிற எல்லோருக்கும் நான் மலேசியாவைத்தான் சொல்வேன். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரடி விமானம் இருக்கிறது, சுமார் நாலு மணி நேரப் பறப்பு, சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை, தடுமாறினால் தமிழில் வழி கேட்கவும் ஆள் கிடைப்பார். வேறு நாடு என்றாலும் வரிசை ஏறக்குறைய இதேதான். விசா எடுக்கும் படி ஒன்று கூடும்.

விமான நிறுவனத்தின் கவுன்டர், நம்மூர் இமிக்ரேஷன், கோலாலம்பூர் இமிக்ரேஷன் என்று மூன்று இடங்களில் உங்கள் காகிதங்களைப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட், டிக்கெட், தங்குமிடம், வருகை அட்டை ஆகிய நான்கிலும் பெயரும் தேதியும் ஒத்துப்போகின்றனவா, நீங்கள் வாயால் சொல்வதும் அவற்றோடு பொருந்துகிறதா என்பதுதான் மூவருக்கும் முக்கியம். கீழே உள்ள படிகள் இந்த வரிசையில் இருப்பதற்கு அதுவே காரணம்.

1. பாஸ்போர்ட்: மூன்று மாதம் முன்பே

பாஸ்போர்ட் சேவா தளத்தில் பதிவு செய்து, பணம் கட்டி, நாளும் நேரமும் எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1500 ரூபாய். தட்கல் என்றால் அதற்கு மேல் 2000. தட்கலை நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஒரு சான்றிதழில் எழுத்துப் பிழை இருந்தாலும் கோப்பு நின்றுவிடும்.

ஆதார், பிறந்த தேதிக்கான சான்று ஆகியவற்றோடு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதைக் காட்டாவிட்டால் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்ற குறிப்பு வரலாம். வேலைக்குப் போகும்போது அரசின் முன் அனுமதி தேவைப்படுகிறவர் என்று அதற்குப் பொருள். வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இசிஆர் உள்ளவர் சுற்றுலா போகத் தடையில்லை, ஆனால் கவுன்டரில் கேள்விகள் கூடும்.

நிறைய பேர் சறுக்குவது முகவரியில். ஆதாரில் இருப்பது சொந்த ஊர், நீங்கள் தங்கியிருப்பது சென்னையில் ஒரு விடுதி. விண்ணப்பத்தில் ஊர் முகவரியைப் போட்டுவிட்டால் போலீஸ் விசாரணைக்கு ஊர் வீட்டுக்குத்தான் வருவார்கள். ‘பையன் இங்கே இல்லை’ என்று வீட்டில் பதில் சொன்னால் அறிக்கை பாதகமாகப் போகும். இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த முகவரியையே போட்டு, அதற்கான சான்றையும் வையுங்கள்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறதா? காலாவதித் தேதியைப் பாருங்கள். நீங்கள் மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். சிறு வயதில் எடுத்ததென்றால் அது அநேகமாக முடிந்திருக்கும். நனைந்து புடைத்த புத்தகம், ஓரம் கிழிந்த பக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

2. பெயர்: தமிழர்களுக்கென்றே இருக்கிற படி

நமக்கெல்லாம் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. ‘எஸ். கார்த்திக்’ என்றால் அந்த ‘எஸ்’ விரிந்து சுப்பிரமணியன் என்று வந்தாக வேண்டும். அது எந்தக் கட்டத்துக்குள் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

புதிதாக எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை: கிவன் நேம் கட்டத்தில் உங்கள் பெயர், சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரோ அம்மா பெயரோ முழுதாக. இரண்டையும் நிரப்புங்கள். சர்நேமை வெறுமையாக விடலாம் என்று விதி இருந்தாலும் பின்னால் தொல்லை. விமான டிக்கெட் தளங்கள் கடைசிப் பெயர் இல்லாமல் நகரவிடாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்றே அறிவித்தது. முதல் பயணம் மலேசியாவாக இருந்தாலும் இந்தப் பாஸ்போர்ட் பத்து வருடம் உங்களோடு இருக்கப்போகிறது.

சர்நேம் வெறுமையாக உள்ள பாஸ்போர்ட் ஏற்கெனவே கையில் இருந்தால் பயம் வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் அந்த விமான நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஒற்றைப் பெயர் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு குறிப்பு எழுதச் சொல்லும். எங்கேயும் இனிஷியலைப் போடாதீர்கள். ‘கார்த்திக் எஸ்’ என்று போட்ட டிக்கெட்டும் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்ற பாஸ்போர்ட்டும் கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டு வேறு ஆட்கள். மலிவுக் கட்டண விமானங்களில் பெயர் மாற்றுவது எளிதல்ல, சில நேரம் புது டிக்கெட்டே எடுக்கும்படி ஆகிவிடும்.

சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. பாஸ்போர்ட்டில் உங்கள் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட்டில் எழுதப்போகும் ஒவ்வொரு எழுத்தையும் அதன்மேல் விரல் வைத்து ஒப்பிட்டுவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

3. எப்போது, எத்தனை ஊர்

கோலாலம்பூரில் வருடம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி இருக்கும், மதியத்துக்கு மேல் ஒரு மழை அடித்துவிட்டுப் போகும். அதற்காகத் தேதியை மாற்றத் தேவையில்லை. ஆனால் பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற கிழக்குக் கரைத் தீவுகள் ஆசையில் இருந்தால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். பருவமழையில் கடல் கொந்தளிக்கும், விடுதிகளும் படகுகளும் பெரும்பாலும் நின்றுவிடும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களில் உள்ளூர்க்காரர்களே ஊருக்குக் கிளம்புவதால் ரயில், பேருந்து டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் பத்துமலைக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

ஒரு வாரப் பயணத்துக்குக் கோலாலம்பூரும் இன்னும் ஓர் ஊரும் போதும். அந்த இன்னோர் ஊர் மலாக்காவாக இருந்தால் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். பினாங்கு என்றால் கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் போகலாம். என் ஓட்டு பினாங்குக்கு. ரயில் பயணமும், படகில் பார்க்கும் கடலும், பழைய தெருக்களில் நடையும் ஒரே ஊரில் கிடைத்துவிடுகின்றன.

‘பக்கத்தில்தானே, சிங்கப்பூரையும் பார்த்துவிடலாம்’ என்று கடைசி நேரத்தில் சேர்க்காதீர்கள். சிங்கப்பூருக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும், அதன் வருகை அட்டை தனி. திரும்ப மலேசியாவுக்குள் வரும்போது மலேசிய வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும். முதல் பயணத்தில் ஓர் எல்லையைக் கடந்து பழகுவதே போதுமான வேலை.

4. நுழைவு விதி: விசா இல்லை என்றால் கேள்வி இல்லை என்று பொருளல்ல

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சுற்றுலா போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் நாளில் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். இம்மாதிரி சலுகைகள் தேதி வைத்துத்தான் வருகின்றன.

உள்ளே விடுவதா வேண்டாமா என்பது இறங்கும் இடத்து அதிகாரியின் முடிவு. திரும்பும் டிக்கெட், தங்குமிடத்துக்கான பதிவு, அத்தனை நாளைக்கும் போதிய பணம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று அவர் பார்க்கலாம். இல்லாதவர்களை அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ‘டூரிஸ்ட்டாகப் போ, அங்கே போனதும் வேலை பெர்மிட் மாற்றித் தருகிறோம்’ என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள், சொந்தக்காரரே சொன்னாலும். கணினி வேலை, டேட்டா என்ட்ரி என்று ஆசை காட்டித் தாய்லாந்து வழியாக மியான்மருக்கும், கம்போடியாவுக்கும் கொண்டுபோய் இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைக்கப்பட்ட இளைஞர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. சுற்றுலா அனுமதியில் வேலை பார்ப்பது மலேசியாவில் குற்றம். வேலைக்குப் போவதென்றால் இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவுள்ள முகவரா என்று பாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கே கேட்டுத் தெளிவு பெறலாம்.

5. டிக்கெட்: இப்போதுதான்

போகவும் வரவும் சேர்த்தே எடுங்கள். முதல் முறை நேரடி விமானமே நல்லது. இரண்டு தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்து எடுத்தால், நடுவில் உள்ள நாட்டில் பையை வாங்கி மறுபடி போட வேண்டிவரும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது.

திரும்பும் டிக்கெட்டுக்குப் பதிலாக ‘டம்மி டிக்கெட்’ வாங்கிக்கொள் என்று அறிவுரை வரும். கவுன்டரில் பிஎன்ஆர் எண்ணைத் தட்டினால் நொடியில் தெரிந்துவிடும். பொய்க் காகிதம் என்று ஆனபின் உண்மையான காகிதங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நள்ளிரவு விமானத்தில் தேதியைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து கிளம்பும் பல விமானங்கள் இரவு பன்னிரண்டைத் தாண்டித்தான் புறப்படும். 15ஆம் தேதி 00:30 என்று டிக்கெட்டில் இருந்தால் நீங்கள் 14ஆம் தேதி இரவு ஒன்பது, ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆகவே அந்த விமானம் 15ஆம் தேதி காலை ஏழு மணிவாக்கில் இறங்கும். தங்குமிடத்தை 15 முதல் பதிவு செய்தால் போதும், ஆனால் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பையை மட்டும் காலையிலேயே வரவேற்பில் வைத்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மலிவுக் கட்டணத்தில் பெரும்பாலும் ஏழு கிலோ கைப்பை மட்டும்தான் அடக்கம். பெட்டி போட வேண்டுமென்றால் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். விமான நிலையத்தில் அதே எடைக்கு விலை பல மடங்கு.

6. தங்குமிடம்

கோலாலம்பூரில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ், பசார் செனி, புக்கிட் பிந்தாங் மூன்றுமே வசதி. பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலுக்கு ஒட்டியே இருக்கிறது, வாழை இலைச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை, முதல் முறைக்கு நான் அதையே சொல்வேன்.

வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் (மலேசியப் பணம்) சுற்றுலா வரி கட்ட வேண்டும். பதிவுத் தொகையில் சில நேரம் அது சேர்ந்திருக்காது. முன்பணமாக ஒரு தொகை வாங்கிவைத்துக் கிளம்பும்போது திருப்பித் தருவதும் வழக்கம். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமா வீடு கிள்ளானில் இருக்கிறது, அங்கேதான் தங்கப்போகிறேன் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். மறைப்பதற்காக ஹோட்டல் பதிவு போட்டு அப்புறம் ரத்து செய்வது ஆபத்து. மாமாவின் முகவரி, தொலைபேசி எண், ‘இவர் என் அக்கா மகன், இத்தனை நாள் என் வீட்டில் தங்குகிறார்’ என்று அவர் எழுதிய கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பணம்

மூன்று பங்காகப் பிரியுங்கள்: கொஞ்சம் ரிங்கிட் ரொக்கம், வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஒரு ஃபாரெக்ஸ் அட்டை, அவசரத்துக்கு உங்கள் வங்கி அட்டை. மூன்றும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது.

ரொக்கத்தை விமான நிலையத்தில் மாற்றாதீர்கள், விலை கட்டுப்படியாகாது. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மாற்றுநர்கள் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3000 டாலர் மதிப்பு வரை கொண்டுபோகலாம். ஒரு வாரத்துக்கு அதில் சிறு பங்கே போதும். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்திருக்கலாம்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்டுத்தான் வரும். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதி அது. செயலியில் போய் நீங்களாக அதைத் திறந்து, ஒரு வரம்பும் வைக்க வேண்டும். அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு அட்டை வேலை செய்யவில்லை என்று நிற்பவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். யுபிஐயை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கடை இயந்திரம் ‘ரூபாயிலா, ரிங்கிட்டிலா’ என்று கேட்டால் ரிங்கிட் என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விலையில் மாற்றிக்கொள்வார்கள், நஷ்டம் உங்களுக்கு.

8. போன்

கிளம்புவதற்கு முன் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கைத் திறந்துவையுங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். வங்கியின் ஓடிபி இந்த எண்ணுக்குத்தான் வரும். சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அட்டை இருந்தும் இணையத்தில் எதுவும் வாங்க முடியாது.

டேட்டாவுக்கு மலேசிய சிம்மை விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம், போன் ஏற்றுக்கொண்டால் இசிம் எடுக்கலாம். வாடகைக் கார் கூப்பிட உதவும் கிராப் செயலியை இங்கேயே இறக்கி, எண்ணைச் சரிபார்த்து, அட்டையைச் சேர்த்துவிடுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், தங்குமிடப் பதிவு மூன்றின் படத்தையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி போனில் வையுங்கள், காகித நகல் ஒன்றும் எடுங்கள். சார்ஜ் தீர்ந்த போனைக் காட்டி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

9. இன்சூரன்ஸ், மருந்து

பயண இன்சூரன்ஸ் மலேசியாவுக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் எடுங்கள். ஒரு வாரத்துக்குச் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும், அங்கே தனியார் மருத்துவமனையில் ஒரு நாள் படுத்தால் பயணச் செலவையே தாண்டிவிடும். தினம் சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு, கடையில் தந்த மாத்திரை அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில் வையுங்கள்.

10. பை

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்க வைப்பார்கள். நூறு வாட்-ஹவர் வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 எம்ஏஎச் உள்ளது அதற்குள் அடங்கும், ஆனால் அளவு அதன்மேல் அச்சிட்டிருக்க வேண்டும். திரவம் எதுவானாலும் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி செல்லாது. ஊறுகாயும் தொக்கும் எண்ணெயும் அந்தக் கணக்கில்தான் வரும், பெட்டியில் போடுங்கள். கொப்பரைத் தேங்காயை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பழம், செடி, இறைச்சி எதுவும் வேண்டாம். துபாய்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கசகசாகூட ஆகாது, அங்கே அது தடைசெய்த பொருள்.

மலேசிய பிளக் மூன்று தட்டைக் கால் உள்ளது. நம் சார்ஜர் பொருந்தாது, அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்குங்கள்.

‘அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான், இந்தப் பொட்டலத்தை மட்டும்’ என்று விமான நிலையத்தில் யார் கெஞ்சினாலும் வாங்காதீர்கள். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை இன்றும் சட்டத்தில் உண்டு. பொட்டலம் யார் பையில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்.

11. மூன்று நாள் முன்பு: வருகை அட்டை

எம்டிஏசி எனப்படும் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்கும் நாளுக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. தேடுபொறியில் தேடினால் மேலே வருவது பணம் கேட்கும் தனியார் தளமாக இருக்கலாம். அட்டை எண்ணைக் கேட்கிற பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். குடிநுழைவுத் துறையின் தளத்துக்கே போய் நிரப்புங்கள்.

பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் குழப்பாதீர்கள். வருகைத் தேதி என்பது இறங்கும் நாள், இந்தியாவிலிருந்து கிளம்பும் நாள் அல்ல. நள்ளிரவு விமானக்காரர்கள் இங்கேதான் மறுபடி தடுக்கி விழுவார்கள். முகவரியில் முதல் இரவு தங்கும் இடத்தைப் போடுங்கள். மின்னஞ்சலில் வரும் உறுதியைச் சேமித்து, ஒரு பிரதி அச்செடுங்கள்.

12. கிளம்பும் நாள்

மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். சர்வதேச விமானங்களின் செக்-இன் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் மூடிவிடும், ஐந்து நிமிடம் பிந்தினாலும் திறக்க மாட்டார்கள்.

வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டி உள்ளே போனால் முதலில் விமான நிறுவனக் கவுன்டர். இங்கேயே திரும்பும் டிக்கெட், தங்குமிடம், எம்டிஏசி மூன்றையும் கேட்பார்கள். மலேசியா உங்களைத் திருப்பி அனுப்பினால் கொண்டுவந்து விட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது, ஆகவே கண்டிப்பாகத்தான் இருப்பார்கள். கோபப்படாமல் காகிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டுங்கள்.

அடுத்தது இமிக்ரேஷன். இந்தியர்கள் நிரப்ப வேண்டிய புறப்பாட்டுப் படிவம் 2017 ஜூலையோடு போய்விட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். இளைஞர், தனியாள், முதல் பயணம் என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். மேலே சொன்ன மோசடிக் கும்பல்களால்தான் இந்த எச்சரிக்கை. உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“எதுக்குப் போறீங்க தம்பி?”

“சுத்திப் பாக்க சார். கோலாலம்பூர் நாலு நாள், பினாங்கு மூணு நாள்.”

“என்ன வேலை பாக்குறீங்க?”

“கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில இருக்கேன் சார். லீவு லெட்டர் இருக்கு.”

“அங்க யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

“இல்ல சார், ஹோட்டல்லதான் தங்குறேன்.”

கேட்டதற்கு மட்டும் பதில், உண்மையான பதில். மாணவர் என்றால் கல்லூரி அடையாள அட்டை, வேலையில் இருப்பவர் என்றால் விடுப்புக் கடிதம், இரண்டும் இல்லையென்றால் வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். நண்பனோடு போகிறவர்கள் ஊர்ப் பெயர்களையும் தேதிகளையும் ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் லங்காவி என்றும் மற்றவர் பினாங்கு என்றும் சொன்னால் தனியே உட்காரவைத்து விசாரிப்பார்கள்.

அப்புறம் பாதுகாப்புச் சோதனை, அப்புறம் கேட். கேட் எண் கடைசி நேரத்தில் மாறலாம், திரையில் ஒரு கண் இருக்கட்டும்.

13. இறங்கியதும்

கூட்டம் போகும் திசையில் போனால் குடிநுழைவுக் கவுன்டர் வரும். இரண்டு ஆள்காட்டி விரல் ரேகை எடுத்து, ஓரிரு கேள்வி கேட்டு, முத்திரை குத்துவார்கள். நகர்வதற்கு முன் முத்திரையில் தேதியும் நாள்களும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 55 ரிங்கிட், முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரல். பேருந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் சுமார் ஒரு மணி நேரத்தில் அதே இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அவசரமில்லை என்றால் பேருந்தே போதும். இரண்டு மூன்று பேர் என்றால் கிராப் கணக்குப் பாருங்கள். ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று பக்கத்தில் வந்து கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள்.

டச் என் கோ அட்டை ஒன்று வாங்கினால் எல்ஆர்டி, எம்ஆர்டி எனும் நகர ரயில்கள், மோனோரயில், பேருந்து எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம். பத்துமலைக்கும் கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகப் போகிறது. 272 படிகள், காலையில் சீக்கிரம் போனால் வெயிலும் கூட்டமும் குறைவு.

14. அங்கே இருக்கும் நாள்களில்

சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி என்று எழுதியிருந்தாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கங்கோங் கீரைப் பொரியலில் பெலாச்சான் எனும் இறால் விழுதும், நாசி லெமாக் சம்பலில் நெத்திலியும் சாதாரணமாக இருக்கும்.

நடைபாதையில் போனைச் சாலைப் பக்கக் கையில் பிடித்துக்கொண்டு வரைபடம் பார்க்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப் போவது அங்கே உண்டு. பையை உள்பக்கத் தோளில் மாட்டுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் வரிசை இது: முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். அந்த நகலோடு கோலாலம்பூரில் தூதரகமாகச் செயல்படும் இந்திய ஹை கமிஷனுக்குப் போனால் நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். வெளியேறுவதற்கு மலேசியக் குடிநுழைவுத் துறையின் அனுமதியும் தேவைப்படும். போனிலும் காகிதத்திலும் வைத்த நகல் இருந்தால் இந்த மூன்றும் சுலபமாகும். எந்த அவசரத்துக்கும் அங்கே எண் 999.

15. திரும்பும் நாள்

எந்த முனையம் என்பதை முதல் நாளே பாருங்கள். ஏர்ஏசியா விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்தும் வேறு பல நிறுவனங்கள் முதல் முனையத்திலிருந்தும் கிளம்புகின்றன. இரண்டுக்கும் நடுவே நடந்து போக முடியாது. மீந்த ரிங்கிட்டில் சில்லறையைச் செலவழித்துவிடுங்கள், நாணயத்தை இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலோ விமான நிலையத்திலோ யாராவது அன்பாகப் பேசி, ‘தம்பி, இந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு போங்கள், திருச்சியில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார், டிக்கெட் காசு தருகிறேன்’ என்று சொல்லலாம். நம்மூரில் குருவி என்று சொல்வது இதைத்தான். சென்னையிலும் திருச்சியிலும் சுங்கத் துறையினர் கோலாலம்பூரிலிருந்து வருகிற விமானங்களை நன்றாகவே கவனிக்கிறார்கள். பிடிபட்டால் நகை போகும், வழக்கு வரும், புது பாஸ்போர்ட்டும் முடங்கும். கேட்டவரிடம் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, காவலர்கள் இருக்கும் பக்கமாக நகர்ந்துவிடுங்கள்.